கெர்னலில் ஹார்டுவேர் கவுன்டர் எப்போதாவது மட்டும் தப்பான எண் தருகிறது: எங்கிருந்து தேடுவது?

கேள்வி இதுதான்: ஒவ்வொரு டாஸ்க்கும் எத்தனை இன்ஸ்ட்ரக்‌ஷன், எத்தனை சைக்கிள் எடுத்துக்கொண்டது என்று ஹார்டுவேர் கவுன்டர் (சிப்புக்குள்ளேயே நிகழ்வுகளை எண்ணும் ரெஜிஸ்டர்) மூலம் எண்ணும் குறியீடு ஒன்று கெர்னலில் இருக்கிறது. பெரும்பாலும் சரியான எண் வருகிறது. எப்போதாவது ஒரு தடவை நம்பவே முடியாத பெரிய எண் வருகிறது, சில சமயம் பூஜ்யம் வருகிறது, லாகில் அவ்வப்போது காரணம் தெரியாத என்எம்ஐ (மூடி வைக்க முடியாத இன்டரப்ட்) வந்ததாகப் புகாரும் இருக்கிறது. சிப் பழுதா, கெர்னல் பிழையா, எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த மாதிரி நேரத்தில் சிப்பைச் சந்தேகிக்கத்தான் மனசு போகும். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். சிப்பிலும் பிழைகள் உண்டு, அவற்றுக்குக் கீழே வருகிறேன். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. ஒரு கோரில் பொதுப் பயன்பாட்டுக் கவுன்டர்கள் மொத்தமே 4, 6, 8 என்ற அளவில்தான் இருக்கின்றன. அந்தக் கொஞ்சத்தை கெர்னலில் கவுன்டர்களை நிர்வகிக்கும் பெர்ஃப் பகுதி, கோர் உறைந்துவிட்டதா என்று கண்காணிக்கும் என்எம்ஐ வாட்ச்டாக், பயாஸ், மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் ஹைப்பர்வைசர், சில சிப்களில் சிப்பின் உள் நிரலான மைக்ரோகோடு, இவை போக ஷெட்யூலர் ஏற்றி இறக்கும் டாஸ்க்குகள் என்று பல பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒரே ஸ்லேட்டில் ஐந்தாறு பேர் மாறி மாறி எழுதி அழிப்பது போல. ஒருவர் கையில் இருக்கும்வரை கணக்கு ஒழுங்காக இருக்கும். கைமாறும் கணத்தில்தான் பிசகும். அந்தக் கைமாற்றத்தின் மிகக் குறுகிய இடைவெளியில் இன்னொன்று குறுக்கிட்டால்தான் தப்பு வெளியே தெரியும் என்பதால், பிழை அபூர்வமாகத் தெரிகிறது. ஆகவே தேடல் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போகும்: தப்பான எண் பிறந்த நேரத்தில் அந்தக் கவுன்டர் யார் கையில் இருந்தது?

தேடலைத் தொடங்க வேண்டிய இடம் அந்தத் தப்பான எண்ணேதான். "பெரிய எண் வருகிறது" என்று மட்டும் குறித்து வைத்தால் பாதித் தடயம் போய்விடும். முழு எண்ணையும் எழுதுங்கள், கூடவே ஹெக்ஸ் வடிவத்தையும் எழுதுங்கள். 1844674407 என்று தொடங்கும் 20 இலக்க எண் வந்தால் அது 2-இன் 64-ஆவது அடுக்குக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. ஒரு சின்ன மைனஸ் எண்ணைக் குறியில்லாத எண்ணாகப் படித்திருக்கிறீர்கள். புதிய வாசிப்பு பழையதைவிடக் குறைந்திருக்கிறது. 281474976710656-க்குப் பக்கத்தில் வந்தால் அது 2-இன் 48-ஆவது அடுக்கு. 48 பிட் கவுன்டரின் கழித்தலில் மேல் பிட்டுகளைக் கையாண்ட விதம் தப்பு. 4294967296 கூடுதலாகவோ குறைவாகவோ, அல்லது அதன் மடங்குகளில் பிசகினால், எங்கோ 32 பிட் எல்லை ஒன்றைத் தாண்டியிருக்கிறீர்கள். இரண்டின் அடுக்குகளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், எதிர்பார்த்ததைப்போல 30 மடங்கு, 100 மடங்கு என்று வந்தால் அது வேறு ஜாதி. அநேகமாக மல்டிபிளெக்ஸிங் கணக்கு (கவுன்டர் போதாமல் நிகழ்வுகளை மாறி மாறி ஏற்றி மதிப்பிடுவது). போன தடவை வந்த எண்ணே அச்சு அசலாகத் திரும்ப வந்தால், நீங்கள் ஹார்டுவேரைப் படிக்கவே இல்லை, பழைய பஃபரைப் படித்திருக்கிறீர்கள். என் அனுபவத்தில் பாதி வழக்குகள் இந்த ஒரே படியில் தீர்ந்துவிடுகின்றன.

சின்ன மைனஸ் எண்ணைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதுதான் அதிகம் வருவது. முதல் காரணம் எளிது. கவுன்டர்கள் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி. மூன்றாவது கோரில் தொடக்க எண்ணைப் படிக்கிறீர்கள், நடுவில் டாஸ்க் ஐந்தாவது கோருக்குப் போகிறது, அங்கே முடிவு எண்ணைப் படித்துக் கழிக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒட்டுறவே கிடையாது. இரண்டு வாசிப்புக்கும் நடுவே ப்ரீஎம்ப்ஷனை (ஓடும் டாஸ்க்கை ஷெட்யூலர் நடுவில் இறக்குவதை) நிறுத்தி வைக்க வேண்டும், அல்லது டாஸ்க் கோரை விட்டு இறங்கும்போதெல்லாம் கணக்கை முடித்து, ஏறும்போது புதிதாகத் தொடங்க வேண்டும். இயந்திரம் சும்மா இருக்கும்போது டாஸ்க் அதிகம் இடம் மாறாது. பாரம் ஏறினால் மாறும். "லோடு இருந்தால் மட்டும் வருகிறது" என்று கேள்விப்பட்டதும் முதலில் இதைப் பார்க்கலாம். சோதிப்பதும் சுலபம்: டாஸ்க்கை ஒரே கோரில் கட்டிப்போடுங்கள். பிழை மறைந்தால் சந்தேகம் வலுப்படும்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. கெர்னல் குறியீடு ஹார்டுவேரைப் படிக்கிறது. முந்தைய மதிப்பு நினைவகத்தில் இருக்கிறது. இரண்டையும் கழித்து மொத்தத்தில் கூட்ட வேண்டும். இந்த மூன்று செயல்களுக்கு நடுவே ஓவர்ஃப்ளோ இன்டரப்ட் (கவுன்டர் நிரம்பிச் சுற்றியதைச் சொல்வது) வந்தால், அதைக் கையாளும் ஹேண்ட்லரும் இதே கவுன்டரைப் படித்து, முந்தைய மதிப்பைப் புதுப்பித்துவிடும். திரும்பி வந்த நீங்கள் பழைய வாசிப்பிலிருந்து புதிய "முந்தைய மதிப்பை"க் கழிப்பீர்கள். எக்ஸ்86-இல் இந்த இன்டரப்ட் என்எம்ஐயாக வருவதால் சாதாரண இன்டரப்டுகளை மூடி வைத்தாலும் இதைத் தடுக்க முடியாது. லினக்ஸின் எக்ஸ்86 குறியீடு இதற்கு லாக் போடுவதில்லை. முந்தைய மதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, ஹார்டுவேரைப் படித்து, "முந்தைய மதிப்பு இன்னும் நான் எடுத்தபோது இருந்ததேதானா" என்று பிரிக்க முடியாத ஒப்பிட்டு மாற்றும் செயலால் சோதிக்கிறது. மாறியிருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. உங்கள் குறியீட்டில் அந்த இடத்தில் வெறும் ஸ்பின்லாக் இருக்கிறது என்றால், ஒன்று இந்த ரேஸ் (இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று குறுக்கிடும் பிழை) இருக்கும், இல்லையென்றால் என்எம்ஐ உள்ளே அதே லாக்கைக் கேட்டு இயந்திரம் உறைந்துபோகும்.

கழித்தலிலும் ஒரு வேலை இருக்கிறது. கவுன்டர் 48 பிட், உங்கள் மாறி 64 பிட். நேராகக் கழித்தால் கவுன்டர் சுற்றி வரும்போது தப்பாகும். இரண்டு எண்களையும் 16 பிட் இடதுபுறம் நகர்த்திக் கழித்து, விடையை 16 பிட் வலதுபுறம் நகர்த்த வேண்டும்; லினக்ஸ் செய்வது அதுதான். இதை விட்டுவிட்ட குறியீடு பல மணி நேரம் ஒழுங்காக ஓடும். 3 கிகாஹெர்ட்ஸ் சைக்கிள் கவுன்டர் பூஜ்யத்திலிருந்து 48 பிட்டை முழுதாகச் சுற்றி வர ஏறக்குறைய 26 மணி நேரம் ஆகும். "ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது" என்ற புகாருக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கலாம். அதே வேகத்தில் 32 பிட் கவுன்டர் 1.4 நொடியிலேயே சுற்றிவிடும். ஆகவே பிழை வரும் இடைவெளியையும் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அகலத்தையும் வேகத்தையும் வகுத்துப் பார்த்த எண்ணோடு அது பொருந்தினால், ட்ரேஸ் எடுக்காமலே இடம் தெரிந்துவிடும்.

கவுன்டரில் தொடக்க எண்ணை எழுதும்போதும் ஒரு பொறி உண்டு. இன்டெல் சிப்களில் கவுன்டர்களின் பழைய எம்எஸ்ஆர் (சிப்பின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்) முகவரி வழியாக எழுதினால் கீழ் 32 பிட் மட்டும்தான் ஏறும். மேலே இருப்பவை 31-ஆம் பிட்டைப் பார்த்து நிரப்பப்படும். சாம்பிளிங்கில் (குறிப்பிட்ட இடைவெளியில் மாதிரி எடுப்பதில்) "இத்தனை நிகழ்வு கழித்து இன்டரப்ட் கொடு" என்பதற்காக அந்த எண்ணின் மைனஸ் மதிப்பைக் கவுன்டரில் ஏற்றுவோம். அந்த எண் 2147483648-ஐத் தாண்டினால் ஏறுவது வேறொரு எண். முழு அகலத்தில் எழுதத் தனி முகவரிகள் பின்னால் வந்தன. அந்த வசதி இருக்கிறதா என்று சிப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அவற்றைப் பயன்படுத்த வேண்டும். இடைவெளியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் குறியீட்டில் இந்தப் பிழை, இடைவெளி பெரிதாகும் அபூர்வ நேரங்களில் மட்டும் தலைகாட்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: மிகச் சின்ன எண்ணும் ஆகாது. ஒரே ஒரு நிகழ்வு மிச்சம் இருக்கும்படி ஏற்றினால் சில சிப்களுக்குப் பிடிக்காது என்ற குறிப்போடு, லினக்ஸ் அதைக் குறைந்தது 2 ஆக உயர்த்துகிறது. பிராட்வெல் சிப்களில் இன்ஸ்ட்ரக்‌ஷன் எண்ணும் குறிப்பிட்ட நிகழ்வு ஒன்றுக்கு இடைவெளி குறைந்தது 128 இருக்க வேண்டும், கடைசி 6 பிட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

ஏஆர்எம் பக்கம் வந்தால் கதை கொஞ்சம் மாறும். ஏஆர்எம்வி8-இன் முதல் பிஎம்யூ (கவுன்டர்கள் அடங்கிய பகுதி) வடிவத்தில் நிகழ்வுக் கவுன்டர்கள் 32 பிட், சைக்கிள் கவுன்டர் மட்டும் 64 பிட். வேகமான கோரில் இன்ஸ்ட்ரக்‌ஷன் கவுன்டர் ஒன்றிரண்டு நொடியில் சுற்றிவிடும்; ஒவ்வொரு சுற்றையும் ஓவர்ஃப்ளோ இன்டரப்ட் பிடித்தாக வேண்டும். அந்த இன்டரப்ட் தொலைந்தால் கணக்கு சரியாக 4294967296 குறையும். அது ஏன் தொலைகிறது? சில எஸ்ஓசிகளில் (மொத்த அமைப்பும் ஒரே சிப்பில் இருப்பவை) ஒவ்வொரு கோரின் பிஎம்யூவுக்கும் தனி இன்டரப்ட் லைன் இருக்கும். எந்த லைன் எந்தக் கோருடையது என்று டிவைஸ் ட்ரீயில் (ஹார்டுவேர் அமைப்பைக் கெர்னலுக்குச் சொல்லும் கோப்பில்) மாற்றி எழுதிவிட்டால், இரண்டாம் கோரின் ஓவர்ஃப்ளோவை மூன்றாம் கோர் வாங்கிக்கொண்டு, தன் நிலை ரெஜிஸ்டரில் ஒன்றும் இல்லையே என்று சும்மா திரும்பிவிடும். ப்ராக் கோப்பகத்தில் இருக்கும் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து, ஒரு கோரில் மட்டும் வேலையை ஓட்டிக்கொண்டே எந்தக் கோரின் எண்ணிக்கை ஏறுகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஏஆர்எம்மில் இன்னொன்று: எந்தக் கவுன்டர் என்று ஒரு தேர்வு ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு, பொது ரெஜிஸ்டர் வழியாக அதைப் படிக்கும் முறை. தேர்வுக்கும் வாசிப்புக்கும் நடுவே, வரிசை மாறாமல் காக்கும் தடுப்பு இன்ஸ்ட்ரக்‌ஷன் இல்லையென்றால் பழைய தேர்வின் கவுன்டரே வாசிக்கப்படலாம். நடுவில் இன்டரப்ட் புகுந்து தேர்வை மாற்றினாலும் அதே கதி. அறிகுறி தெளிவானது: தப்பான எண் குப்பையாக இருக்காது, பக்கத்துக் கவுன்டரின் சரியான எண்ணாக இருக்கும். இப்போதைய லினக்ஸ் இந்தச் சுற்றுவழியை விட்டு ஒவ்வொரு கவுன்டரையும் நேரடியாகப் படிக்கிறது. நீங்களும் அப்படியே செய்துவிடுங்கள். 32 பிட் ரிஸ்க்-வி போன்ற இடங்களில் 64 பிட் கவுன்டரை மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாகப் படிக்க வேண்டியிருக்கும். மேல், கீழ், மறுபடியும் மேல் என்று படித்து, இரண்டு மேல் பாதிகளும் ஒத்துப்போகும்வரை திரும்பச் செய்ய வேண்டும் என்பது தெரிந்த விஷயம்.

சரி, பூஜ்யத்துக்கு வருவோம். முதல் காரணம் கவுன்டர் பற்றாக்குறை. நீங்கள் கேட்ட நிகழ்வுகள் ஹார்டுவேரில் இருப்பதைவிட அதிகமானால் பெர்ஃப் அவற்றைச் சுழற்சி முறையில் ஏற்றும். எவ்வளவு நேரம் இயக்கத்தில் இருந்தது, அதில் எவ்வளவு நேரம் உண்மையிலேயே ஹார்டுவேரில் ஓடியது என்ற இரண்டு நேரங்களையும் கூடவே தரும். ஓடிய நேரம் பூஜ்யம் என்றால் எண்ணும் பூஜ்யம். அது "எதுவும் நடக்கவில்லை" என்று அர்த்தமாகாது. ஓடிய நேரம் 1 சதவீதம் என்றால் கிடைத்த எண்ணை 100-ஆல் பெருக்கி மதிப்பிடுவார்கள், அந்த ஒரு சதவீத நேரத்தில் நடந்தது மீதி நேரத்துக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கையில். அந்த 30 மடங்கு, 100 மடங்கு விசித்திர எண்கள் இங்கிருந்து பிறப்பவை. இரண்டு நேரங்களையும் பதிவு செய்யாமல் எண்ணை மட்டும் பதிவு செய்யும் எந்தக் கருவியையும் நான் நம்புவதில்லை.

குழுவாகக் கேட்ட நிகழ்வுகள் எல்லாமே ஒன்றாக ஏறினால் ஏறும், இல்லையென்றால் ஒன்றுகூட ஏறாது. என்எம்ஐ வாட்ச்டாக் ஒரு கவுன்டரைப் பிடித்து வைத்திருப்பதால், கணக்குப்படி பொருந்த வேண்டிய குழு பொருந்தாமல் போகும். வாட்ச்டாக்கை நிறுத்திவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நிகழ்வைக் கட்டாயமாக ஏற்றச் சொல்லியிருந்தால் (பின்டு நிகழ்வு) இன்னொரு சிக்கல்: இடம் கிடைக்காதபோது அது பிழை நிலைக்குப் போய்விடும், அதன்பின் ரீட் அழைப்பு பூஜ்ய பைட்டுகளைத் திருப்பித் தரும். பூஜ்யம் என்ற எண்ணைத் தராது. கோப்பு முடிந்ததுபோல ஒன்றுமே தராது. ரீட் திருப்பித் தந்த அளவைப் பார்க்காத நிரல் பஃபரில் ஏற்கெனவே கிடந்ததை அப்படியே அச்சிடும். மேலே சொன்ன "பழைய எண்ணே திரும்ப வருகிறது" என்பதற்கு இது நல்ல காரணம்.

பெரிய கோர், சின்ன கோர் கலந்த சிப்களில் ஒவ்வொரு வகைக்கும் தனி பிஎம்யூ. இன்டெலில் 2021-இல் வந்த ஆல்டர் லேக் முதல் இது டெஸ்க்டாப்பிலும் சாதாரணம். பெரிய கோருக்கென்று திறந்த நிகழ்வு, டாஸ்க் சின்ன கோரில் ஓடும்போது எண்ணாது. ஷெட்யூலர் எங்கே வைக்கிறதோ அதைப் பொறுத்து ஒரு நாள் முழு எண், ஒரு நாள் பாதி எண், ஒரு நாள் பூஜ்யம். ஆழ்ந்த ஓய்வு நிலைக்குப் போகும் கோர்களிலும் கவனம் வேண்டும். பல ஏஆர்எம் எஸ்ஓசிகளில் கோரின் மின்சாரம் நின்றால் பிஎம்யூ ரெஜிஸ்டர்களும் அழிந்துவிடும். போகும்போது சேமித்து, எழும்போது மீட்பது டிரைவரின் பொறுப்பு. பாரம் குறைவாக இருக்கும்போது மட்டும் பிழை வருகிறது என்றால், ஆழ்ந்த ஓய்வு நிலைகளை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து அந்த என்எம்ஐ புகார். எக்ஸ்86 லினக்ஸில் அது "டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு, பட் ட்ரையிங் டு கன்டின்யூ" என்ற புகழ்பெற்ற வரியோடு வரும். என்எம்ஐ வந்தது, யாரும் "என்னுடையது" என்று சொல்லவில்லை என்பதே அதன் பொருள். ஒரு என்எம்ஐயைக் கையாளும்போது இன்னொன்று வந்தால் சிப் அதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டு கவுன்டர்கள் அடுத்தடுத்து ஓவர்ஃப்ளோ ஆனால், முதல் என்எம்ஐயிலேயே ஹேண்ட்லர் இரண்டையும் கவனித்துத் துடைத்துவிடுகிறது. அப்புறம் காத்திருந்த இரண்டாவது என்எம்ஐ வருகிறது. பார்த்தால் செய்ய வேலை எதுவும் இல்லை. ஒரே தடவையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓவர்ஃப்ளோக்களைக் கவனித்திருந்தால், ஒட்டினாற்போல வரும் அடுத்த உரிமையற்ற என்எம்ஐயை விழுங்கிவிட லினக்ஸில் ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் சொந்தமாக ஹேண்ட்லர் எழுதியிருந்தால், எத்தனை ஓவர்ஃப்ளோக்களைக் கவனித்தீர்கள் என்ற சரியான எண்ணிக்கையைத் திருப்பித் தருகிறீர்களா என்று பாருங்கள். எப்போதும் 1 என்று தந்தால் இந்த ஏற்பாடு வேலை செய்யாது.

ஏஎம்டி சிப்களில் ஜென் 4 வரும்வரை, எந்தக் கவுன்டர் ஓவர்ஃப்ளோ ஆனது என்று சொல்லும் பொது நிலை ரெஜிஸ்டரே கிடையாது. ஒவ்வொரு கவுன்டரின் மேல் பிட்டையும் பார்த்து ஊகிக்க வேண்டும். கவுன்டர் ஓவர்ஃப்ளோ ஆகி, என்எம்ஐ கோருக்கு வந்து சேருவதற்குள் யாராவது அந்தக் கவுன்டரை நிறுத்திவிட்டால், வந்து சேர்ந்த என்எம்ஐ அநாதை. டாஸ்க் மாற்றத்தின்போது இது நடக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. இன்டெலில் வேறொரு பிடி: ஓவர்ஃப்ளோ இன்டரப்ட் புறப்பட்டதும் லோக்கல் ஏபிக்கில் (கோருக்கு இன்டரப்டுகளைக் கொண்டு சேர்க்கும் பகுதியில்) அதற்கான வரி தானாக மூடிக்கொள்ளும். ஹேண்ட்லர் அதைத் திறக்க மறந்தால், அல்லது ஏதோ ஒரு அபூர்வக் கிளையில் திறக்காமல் திரும்பினால், அந்தக் கோரில் அதன்பின் சாம்பிளே வராது. ஹேண்ட்லரின் ஒவ்வொரு வெளியேறும் வழியையும் தாளில் எழுதிப் பாருங்கள். நிலையைத் துடைப்பதும் வரியைத் திறப்பதும் எந்த வரிசையில் நடக்கின்றன என்பதும் முக்கியம். லினக்ஸ் பழைய இன்டெல் சிப்களுக்கு ஒரு வரிசையும், ஹாஸ்வெல் முதலான பலவற்றுக்கு வேறு வரிசையும் வைத்திருக்கிறது.

இனி கெர்னலுக்கு வெளியே இருப்பவர்கள். சில பயாஸ்கள் மின்சார நிர்வாகத்துக்காகக் கவுன்டர்களைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. பூட் ஆகும்போது பயாஸ் பிஎம்யூவைக் கெடுத்துவிட்டது என்ற பொருளில் "ஃபர்ம்வேர் பக்" என்ற வரி இருக்கிறதா என்று லாகின் ஆரம்பத்தில் தேடுங்கள். பயாஸ் அமைப்புகளில் அதை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள். மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓட்டுகிறீர்கள் என்றால் முதலில் நிஜ இயந்திரத்தில் ஓட்டி ஒப்பிடுங்கள். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மின் வழக்கமான முறையில், விருந்தினர் (உள்ளே ஓடும் மெய்நிகர் இயந்திரம்) பார்க்கும் கவுன்டர் ஹோஸ்ட் கெர்னலின் ஒரு பெர்ஃப் நிகழ்வாகவே ஓடுகிறது. ஹோஸ்டில் வேறு யாராவது பெர்ஃப் ஓட்டினால் உங்கள் கவுன்டர் உங்களுக்குத் தெரியாமலே நின்று நின்று ஓடும். விருந்தினருக்குள் எவ்வளவு தேடினாலும் அது அகப்படாது. இதே வரிசையில் உங்கள் மாட்யூலும் சேரும்: பெர்ஃபின் வழியாகக் கேட்காமல் எம்எஸ்ஆரில் நேரடியாக எழுதுகிறீர்களா? அப்படியானால் வாட்ச்டாக்குக்கும் பெர்ஃபுக்கும் நீங்கள் இருப்பதே தெரியாது. கெர்னலுக்குள்ளிருந்தே பெர்ஃப் நிகழ்வை உருவாக்க வழி இருக்கிறது. அதற்கு மாறிக்கொள்வதுதான் சரியான திருத்தம். நேரடி எழுத்தை வைத்துக்கொண்டு ஒட்டுப்போடும் எந்த முயற்சியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இத்தனையும் பார்த்த பிறகு சிப். இங்கே நிஜமான உதாரணங்கள் இருக்கின்றன. சாண்டி பிரிட்ஜ், ஐவி பிரிட்ஜ், ஹாஸ்வெல் சிப்களில் ஹைப்பர்த்ரெடிங் (ஒரே கோரில் இரண்டு த்ரெட்கள் ஓடுவது) இயங்கும்போது, ஒரு த்ரெட்டில் சில நினைவக நிகழ்வுகளை எண்ணினால் அது பக்கத்துத் த்ரெட்டின் அதே எண் கவுன்டரைக் கெடுக்கும். தன் வேலையில் எந்தத் தப்பும் செய்யாத டாஸ்க், பக்கத்தில் யாரோ எண்ணியதால் தப்பான எண் பெறும். பிஜே122, பிவி98, எச்எஸ்டி29 என்ற எண்களில் இது பதிவாகியிருக்கிறது. 2015-இல் லினக்ஸில் மாற்றுவழி சேர்ந்தது, அது இயங்குகிறதா என்று பூட் லாகிலேயே ஒரு வரி சொல்லும். ஸ்கைலேக் குடும்பத்தில் 2019-இல் வந்த மைக்ரோகோடு, டிஎஸ்எக்ஸ் (நினைவகப் பரிவர்த்தனை வசதி) பிழை ஒன்றைச் சமாளிக்க மூன்றாம் எண் கவுன்டரைத் தனக்கென்று பயன்படுத்தத் தொடங்கியது. அதைக் கவனிக்காத மென்பொருளுக்கு அந்த ஒரு கவுன்டரில் மட்டும் எதிர்பாராத எண்கள் வரும். ஏஎம்டி ஜென்னில், லாக் இன்ஸ்ட்ரக்‌ஷன்களை ஊக முறையில் ஓட்டும் ஒரு மேம்பாட்டால், முடிந்த கண்டிஷனல் பிராஞ்சுகளின் எண்ணிக்கை கூடுதலாக வரும். நிரலைப் பதிவு செய்து அப்படியே திரும்ப ஓட்டும் ஆர்ஆர் டிபக்கர் இந்த எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகாமல் இருப்பதை நம்பி இயங்குவதால், அந்த மேம்பாட்டை அணைக்கச் சொல்கிறது. ஆகவே தப்பு எப்போதும் ஒரே எண் கவுன்டரில்தானா, ஒரே நிகழ்வில்தானா, பக்கத்துத் த்ரெட் ஓய்வாக இருந்தால் மறைகிறதா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால், சிப்பின் பிழைப் பட்டியலைத் திறக்க நேரம் வந்துவிட்டது.

பிழையே இல்லாததைப் பிழை என்று துரத்துவதும் உண்டு. எக்ஸ்86-இல் யூசர் பகுதி இன்ஸ்ட்ரக்‌ஷன்களை மட்டும் எண்ணினாலும் ஒவ்வொரு ஹார்டுவேர் இன்டரப்டுக்கும் எண்ணிக்கையில் ஒன்று கூடும். பேஜ் ஃபால்ட்டுக்கும் கூடும். ஆய்வாளர் வின்ஸ் வீவரின் அளவீடுகள் இதை விரிவாகக் காட்டின. பல கோடியில் சில நூறு வித்தியாசம் வந்தால் அதை விட்டுவிடுங்கள்.

இப்போது பிடிக்கும் முறை. விடை முன்பே தெரிந்த வேலை ஒன்று வேண்டும்: ஒரு ரெஜிஸ்டரைக் குறைத்து, பூஜ்யமாகாவிட்டால் தாவும் இரண்டே இன்ஸ்ட்ரக்‌ஷன் கொண்ட அசெம்ப்ளி சுழல். பத்து லட்சம் தடவை சுற்றினால் இருபது லட்சம் இன்ஸ்ட்ரக்‌ஷன், அவ்வளவுதான். இதை ஓட்டிக்கொண்டே கைமாற்றங்களைத் திட்டமிட்டுக் கூட்டுங்கள்: டாஸ்க்கைக் கோர் கோராக மாற்றிக்கொண்டே இருங்கள், கோர்களை அணைத்து எழுப்புங்கள், வாட்ச்டாக்கை நிறுத்தித் தொடங்குங்கள், பக்கத்தில் இன்னொரு பெர்ஃப் ஓட்டுங்கள். எதைச் செய்யும்போது பிழை அடிக்கடி வருகிறதோ அதுவே வழி காட்டும். அபூர்வப் பிழையை அடிக்கடி வரும் பிழையாக மாற்றிவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

தடயம் பதிவு செய்ய பிரின்ட்கே (கெர்னல் லாகில் எழுதும் செயல்) வேண்டாம். அது மெதுவானது, ரேஸின் நேரத்தையே மாற்றிப் பிழையை மறைத்துவிடும். ட்ரேஸ் பிரின்ட்கே கோருக்குத் தனியான வளையப் பஃபரில் எழுதும், என்எம்ஐ உள்ளேயும் பயன்படும். எம்எஸ்ஆர் எழுத்து, வாசிப்பு இரண்டுக்கும் எக்ஸ்86 லினக்ஸில் ட்ரேஸ்பாயின்ட் (தடயம் பதியும் இடம்) தயாராகவே இருக்கிறது. அதோடு ஷெட்யூலர் மாற்றங்களையும் சேர்த்துப் பதியுங்கள். முக்கியமான உத்தி ஒன்று: நடக்கவே முடியாத எண்ணைப் பார்த்த அதே இடத்தில், குறியீட்டிலிருந்தே ட்ரேஸிங்கை நிறுத்திவிடுங்கள். பஃபரின் கடைசிச் சில நூறு வரிகள் அப்படியே உறைந்து நிற்கும். அந்தக் கவுன்டரைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்பது அதில் எழுதியிருக்கும்.

பழைய கெர்னலில் பிழை இல்லை, புதியதில் இருக்கிறது என்றால் பைசெக்ட் (இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது) செய்யலாம். ஆனால் அபூர்வப் பிழையில் "நல்லது" என்று சொல்வதற்கு எத்தனை தடவை ஓட்ட வேண்டும் என்று கணக்குப் போடாமல் இறங்காதீர்கள். 20 தடவைக்கு ஒரு முறை வரும் பிழை, 20 தடவை ஓட்டினால் வராமலே போக 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 60 தடவை ஓட்டினால் அது 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, 90 தடவை ஓட்டினால் 1 சதவீதம். பைசெக்டில் பத்துப் பன்னிரண்டு படிகள் இருக்கும். ஒரு படியில் தவறாக "நல்லது" என்று சொன்னாலும் சம்பந்தமில்லாத ஒரு பேட்ச்சில் போய் நிற்பீர்கள். "கெட்டது" என்பதற்கு ஒரு தடவை போதும், "நல்லது" என்பதற்குத்தான் பொறுமை வேண்டும். திருத்தம் போட்ட பிறகு பிழை போய்விட்டது என்று அறிவிப்பதற்கும் இதே கணக்குத்தான்.

திருத்தியதும் சோதனைக்காகப் போட்ட எல்லாவற்றையும் நீக்கிவிடாமல் ஒன்றை மட்டும் நிரந்தரமாக விட்டுவையுங்கள்: வித்தியாசம் இயற்பியல்படி சாத்தியமா என்ற சோதனை. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு சைக்கிளுக்கு அதிகபட்சம் 8 இன்ஸ்ட்ரக்‌ஷன் முடிக்கும் கோர், ஒரு நொடியில் 4000 கோடியைத் தாண்டவே முடியாது. கடந்த நேரத்தை அந்த உச்ச வேகத்தால் பெருக்கி, அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்தால் கோர் எண், கவுன்டர் எண், முந்தைய மதிப்பு, புதிய மதிப்பு, ஓடிய நேரம் என்ற ஐந்தையும் சேர்த்து ஒரே ஒரு தடவை எச்சரிக்கை எழுதச் சொல்லுங்கள். ஒரு பெருக்கலும் ஒரு ஒப்பீடும்தான் செலவு. இப்போதைய பிழையையே திரும்ப வரவழைக்க முடியவில்லை என்றால்கூட, இந்தச் சோதனையை இன்றே சேர்த்துவிட்டு, அது எழுதும் ஐந்து எண்களோடு மேலே சொன்ன வடிவங்களை ஒப்பிடத் தொடங்குங்கள்.